தகவல் ஏப்ரல் 4ஆம் தேதியே போய்விட்டது: பயங்கரவாத ஒழிப்புப் பேச்சுகளில் ஊழல் தடுப்புக்கும் சீர்திருத்தத்துக்கும் இடம் எங்கே?

கடற்கரைச்சாலை | ஞாயிறு, இரவு 8.40

இன்று மாலை பாரதி பூங்காவில் எங்கள் வாசகர் வட்டம் கூடியது. ஏழு பேர்தான். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நின்றது. இருட்டிவிட்டதால் பாதியில் எழுந்து வந்தோம். மனம் ஆறவில்லை, இங்கே எழுதுகிறேன்.

இரண்டு நாடுகளின் அமைச்சர்கள் சந்தித்து வெளியிடும் கூட்டறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். பயங்கரவாத ஒழிப்பில் ஒத்துழைப்பு முதலில் வரும். அதற்கு அடுத்து உதவித்தொகை, கடன், பயிற்சி. ஜனநாயகச் சீர்திருத்தம், ஊழல் தடுப்பு ஆகியவை கடைசிப் பத்தியில் ஒரு வரி. முதல் பத்தியில் இருப்பதற்குத் தேதி, தொகை, குழு எல்லாம் இருக்கும். கடைசி வரிக்கு ஒன்றும் இராது.

இந்த வரிசையே தவறு என்பது என் எண்ணம். ஒரே ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு 17 நாள் முன்னதாகவே, ஏப்ரல் 4ஆம் தேதி, இந்திய உளவுத்துறை இலங்கைக்கு எச்சரிக்கை அனுப்பிவிட்டது. உளவுத் தகவல் பரிமாற்றம் என்று எதைப் பேசுகிறார்களோ அது குறையில்லாமல் நடந்தது. அப்படியிருந்தும் தேவாலயக் கதவில் ஒரு காவலர் நிறுத்தப்படவில்லை.

ஏன்? 2018 அக்டோபரில் அதிபருக்கும் பிரதமருக்கும் மூண்ட மோதலுக்குப் பிறகு தேசியப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்குப் பிரதமரையே அழைக்கவில்லை என்று அந்நாட்டு நாடாளுமன்றத் தெரிவுக்குழு பதிவு செய்திருக்கிறது. தகவல் வந்தது. அதைக் கையில் வாங்க வேண்டிய அரசு இரண்டாகப் பிளந்து கிடந்தது. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேனா 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக ஒரு நாட்டின் தலைவராக இருந்தவர் தம் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்ற தீர்ப்பு அது.

நல்லாட்சி இல்லாத இடத்தில் உளவுத் தகவல் வெறும் காகிதம். அப்படியிருக்க, சீர்திருத்தத்தை ஏன் கடைசி வரியில் வைக்கிறார்கள்? நண்பர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் | ஞாயிறு, இரவு 9.25

ஐயா, வணக்கம். 22 ஆண்டுகள் துணை ராணுவப் படையில் இருந்தவன் நான். உங்களோடு முழுதாக உடன்பட முடியவில்லை.

தகவல் தருகிறவன் உயிரைப் பணயம் வைத்துத் தருகிறான். அது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதற்கு நம்பிக்கை மட்டும்தான் பாலம். "முதலில் உன் தேர்தலை ஒழுங்காக நடத்து, பிறகு தகவல் தருகிறேன்" என்று சொன்னால் அந்தப் பாலம் உடைந்துவிடும். எதிர் நாடும் நமக்குத் தகவல் தராது. சாவது நம் ஊர் மக்கள். கூட்டறிக்கையில் பாதுகாப்பு முதலில் வருவதற்குக் காரணம் இதுதான். உயிர் இருந்தால்தான் சீர்திருத்தம்.

2024 ஆகஸ்டில் கொழும்பில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ் நாடுகள் கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டுக்கான சாசனத்தில் கையெழுத்திட்டன. கடல் பாதுகாப்பு, பயங்கரவாத எதிர்ப்பு, ஆள்கடத்தலும் நாடுகடந்த குற்றங்களும், இணையப் பாதுகாப்பு, பேரிடர் உதவி என்று ஐந்து தூண்கள். வேலை தெளிவாக இருக்கிறது. இதற்குள் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் நடக்காது.

கடற்கரைச்சாலை | ஞாயிறு, இரவு 9.40

அந்த ஐந்து தூண்களில் ஊழல் இல்லை என்பதைத்தான் நானும் பார்க்கிறேன். காசு வாங்கிக்கொண்டு படகை விடுகிற ஒரு காவலர் இருந்தால் ஐந்து தூண்களும் ஆடும்.

மஞ்சக்குப்பம் வக்கீல் | ஞாயிறு, இரவு 10.15

நல்ல விவாதம். சட்டத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

2001 செப்டம்பர் 28இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 1373ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. எல்லா நாடுகளும் பயங்கரவாதத்துக்கு எதிராகச் சட்டம் இயற்ற வேண்டும், நிதியை முடக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. பயங்கரவாதம் என்றால் என்ன என்று அது வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியில் ஒவ்வோர் அரசும் தனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டது. மனித உரிமைக் கடமைகளுக்கு உட்பட்டே இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று 2003இல் 1456ஆம் தீர்மானம் சொன்னது. அதற்குள் பல நாடுகளில் சட்டம் வந்து சிறையும் நிறைந்துவிட்டது. உலகப் பொது உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று இந்தியா 1996இல் முன்மொழிந்ததும் வரையறைச் சண்டையில்தான் இன்றுவரை சிக்கிக் கிடக்கிறது.

இலங்கையின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் எண் சட்டம். அதன் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள், பெயரை மாற்றவில்லை. அமைச்சரின் ஆணை ஒன்று போதும், குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம் வரை அடைத்து வைக்கலாம் என்று இருந்தது. உதவிக் காவல் கண்காணிப்பாளர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகும். அது பிரிவு 16.

இங்கேதான் வெளிநாட்டு அழுத்தம் வருகிறது. வளரும் நாடுகளின் ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச்சலுகையைத் தருகிறது. அதைப் பெறும் நாடு 27 பன்னாட்டு உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்த வேண்டும். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை அதில் உண்டு, ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையும் உண்டு. மனித உரிமை மீறல்களுக்காக 2010 ஆகஸ்டில் இலங்கை அந்தச் சலுகையை இழந்தது. 2017 மே மாதம் திரும்பப் பெற்றது. 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, சலுகையை நிறுத்துவதைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த மார்ச்சில் திருத்தம் வந்தது. 18 மாதம் 12 மாதமானது. பிரிவு 16 அப்படியே இருந்தது.

என் முடிவு இது. வெளியிலிருந்து அழுத்தினால் ஆறு மாதம் குறையும். வேர் அசையாது.

நம் நாட்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில் தடா 1995இல் காலாவதியானது, பொடா 2004இல் ரத்தானது. எந்த வெளிநாடும் நிபந்தனை போடவில்லை. வைகோ 2002 ஜூலையில் பொடாவில் கைதாகி ஏறத்தாழ 19 மாதம் சிறையில் இருந்தது தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தின் முகத்தை எல்லோருக்கும் காட்டியது. மக்கள் பேசினார்கள், தேர்தலில் அது பேச்சானது, சட்டம் போனது. அதன் பல பிரிவுகள் 2004லும் 2008லும் யுஏபிஏ என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் போலீசாரிடம் தந்த வாக்குமூலத்தைச் சான்றாக்கும் பிரிவு மட்டும் அதற்குள் திரும்பி வரவில்லை. அதை நான் சிறிய வெற்றியாக நினைக்கவில்லை.

தேவனாம்பட்டினம் | திங்கள், காலை 6.10

ஐயாமார்கள் பெரிய நாடுகளைப் பேசுகிறீர்கள். உதவி என்றால் எனக்குச் சுனாமிதான் நினைவுக்கு வரும்.

2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 14 வயது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். என் பெரியப்பா அதில் ஒருவர். வெளிநாட்டு அரசுகளின் உதவி இப்போது வேண்டாம், நாங்களே சமாளித்துக்கொள்கிறோம் என்று டெல்லி சொன்னது. அதே வாரத்தில் நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் உதவி கொண்டு போயின. வாங்குகிற நாடாக இருக்க வேண்டாம் என்ற அந்த மானம் எனக்குப் பெரியவனான பிறகுதான் புரிந்தது. பிறகு உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் மறுசீரமைப்புக்குக் கடன் கொடுத்தன. தொண்டு நிறுவனங்கள் வரிசையாக வந்தன.

எங்கள் வீட்டுக்கு ஒரு பைபர் படகு வந்தது. யார் கொடுத்தது என்று சொல்லப்போவதில்லை. நல்ல நீல நிறம். படகின் முன்பக்கமான அணியத்தில் கொடுத்தவர்களின் சின்னம் பெரிதாக இருந்தது. நாலாம் மாதம் அடிப்பக்கத்து ஒட்டு பிரிந்து தண்ணீர் ஏறத் தொடங்கியது. அப்பா விரலை வைத்துக் காட்டினார். மூன்று இடத்தில் துணியும் பசையும் மெழுகியது போல ஒரே ஓர் அடுக்குதான் இருந்தது. படகு என்ன விலை, யார் கட்டினார்கள், எத்தனை அடுக்குக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று கேட்க ஆள் இல்லை. கொடுத்தவர்கள் அவர்களுக்குப் பணம் கொடுத்தவர்களிடம் கணக்குக் காட்டியிருப்பார்கள். எங்களிடம் காட்டவில்லை.

எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். திருவிழா முடிந்ததும் கோயில் வாசலில் ஊரைக் கூட்டிக் கணக்கு வாசிப்பார்கள். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு. "வாணத்துக்கு ஏன் இவ்வளவு?" என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்பார், பதில் சொல்லாமல் கூட்டம் கலையாது. படிக்காத ஊர்தான். அதைச் செய்யத் தெரிந்திருக்கிறது. கோடிக்கணக்கான டாலருக்கு ஏன் ஒரு கோயில் வாசல் இல்லை?

கடற்கரைச்சாலை | திங்கள், காலை 7.30

தம்பி, உன் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் ஒரு பக்கம் எழுதியதை நீ படகின் அடியில் விரலை வைத்துக் காட்டிவிட்டாய்.

இதையே மிகப் பெரிய அளவில் ஆப்கானிஸ்தானில் உலகம் பார்த்தது. 2012 ஜூலையில் டோக்கியோவில் மாநாடு. நான்கு ஆண்டுகளுக்கு 1,600 கோடி டாலர் தருவதாக நாடுகள் உறுதி கூறின. தேர்தலை ஒழுங்காக நடத்த வேண்டும், ஊழலைக் குறைக்க வேண்டும், மனித உரிமையைக் காக்க வேண்டும் என்று பரஸ்பரப் பொறுப்புடைமைக்கான ஒப்பந்தமும் எழுதினார்கள். உதவி, தேர்தல், ஊழல் தடுப்பு, மனித உரிமை ஆகிய நான்கும் ஒரே தாளில் இருந்த அபூர்வமான தருணம் அது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் காபூல் வங்கியில் 90 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டது வெளியே வந்திருந்தது.

நிபந்தனை இருந்தது. ஆனால் பயங்கரவாதத்துக்கு எதிரான போரில் யார் தேவைப்பட்டார்களோ அவர்கள்தான் ஊழலிலும் முன்னே நின்றார்கள். அவர்களை எப்படித் தண்டிப்பது? அமெரிக்காவே தன் மறுசீரமைப்புச் செலவைக் கண்காணிக்க அமைத்த சிறப்புத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016இல் ஓர் அறிக்கை தந்தது. வந்து கொட்டிய பணமே ஊழலை வளர்த்தது என்று அது எழுதியது. பட்டியலில் மட்டும் இருந்து சம்பளம் வாங்கிய வீரர்களைப் பற்றியும் அந்த அலுவலகம் எழுதியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 15இல் காபூல் வீழ்ந்தபோது அந்தப் பெயர்களால் சண்டை போட முடியவில்லை.

இந்தியாவும் அங்கே கொடுத்திருக்கிறது. ஹெராத்தில் சல்மா அணை, காபூலில் நாடாளுமன்றக் கட்டடம், சரஞ்ச் முதல் தேலாராம் வரை 218 கிலோமீட்டர் சாலை. கையில் பணமாகத் தராமல் கண்ணுக்குத் தெரியும் பொருளாகக் கட்டித் தந்த முறையை நான் மதிக்கிறேன். அந்தச் சாலை போட்டபோது நம் ஆட்களும் உயிர் கொடுத்தார்கள்.

முத்தியால்பேட்டை | திங்கள், பகல் 1.05

நான் ஒரு சிறிய தொண்டமைப்பில் கணக்கு எழுதியவள். ஊழல் தடுப்பும் பயங்கரவாத ஒழிப்பும் மேலிடத்தில் பேசப்படும்போது கீழே யார் தலையில் விழுகிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வீராம்பட்டினத்தில் மீனவப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தோம். ஆறு இயந்திரங்கள். பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டு நன்கொடை வாங்கி அதில் ஒரு பங்கை எங்களுக்குத் தந்துகொண்டிருந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குத் தரக்கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பணம் எல்லாம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளை வழியாகத்தான் வர வேண்டும். எங்களுக்கு வந்துகொண்டிருந்த வழி அன்றே அடைந்தது. அந்த ஆறு இயந்திரங்களையும் பழைய சேலையால் மூடி வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை போய் எண்ணெய் விட்டு வருகிறேன், துருப்பிடிக்கக் கூடாதே என்று.

தவறு செய்த அமைப்புகள் இருந்தன, மறுக்கவில்லை. தம்பி சொன்ன படகைப் போல ஏமாற்றியவர்கள் உண்டு. ஆனால் சல்லடை போட வேண்டிய இடத்தில் சுவர் கட்டிவிட்டார்கள்.

பாரிஸில் எஃப்ஏடிஎஃப் என்ற அமைப்பு இருக்கிறது. 1989இல் ஜி7 நாடுகள் தொடங்கியது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதையும் பயங்கரவாதத்துக்குப் பணம் போவதையும் தடுக்க 40 பரிந்துரைகள் வைத்திருக்கிறது. எட்டாவது பரிந்துரை தொண்டு நிறுவனங்களைப் பற்றியது. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கவனம் வையுங்கள், நியாயமான தொண்டுப் பணிக்கு இடையூறு செய்யாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். 2024 செப்டம்பரில் இந்தியாவைப் பற்றி அது தந்த மதிப்பீட்டிலும் தொண்டு நிறுவனங்கள் விஷயத்தில் ஆபத்தின் அளவுக்கு ஏற்ப நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதே 40இல் பன்னிரண்டாவது, உயர் அதிகாரத்தில் இருப்பவர்களின் வங்கிக் கணக்குகளைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கச் சொல்கிறது. எட்டைப் பற்றி ஒவ்வொரு தணிக்கையாளரும் என்னிடம் பேசியிருக்கிறார். பன்னிரண்டைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

வில்லியனூர் | திங்கள், பகல் 2.20

அம்மா, அந்தத் திருத்தத்துக்கு எஃப்ஏடிஎஃப்தான் காரணம் என்கிறீர்களா?

முத்தியால்பேட்டை | திங்கள், பகல் 2.45

இல்லை அண்ணா. அது நம் அரசு தானாக எடுத்த முடிவு. பாரிஸில் எழுதியது வேறு, இங்கே நடந்தது வேறு என்பதைத்தான் சொல்கிறேன்.

கீழ்ப்புத்துப்பட்டு | திங்கள், இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவள். இதுவரை படித்துவிட்டுப் போய்விடுவேன். வக்கீல் ஐயா பிரிவு 16 என்று எழுதியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தாய்மாமாவை அந்தச் சட்டத்தில்தான் பிடித்தார்கள். அவர் கையெழுத்துப் போட்ட தாள் சிங்களத்தில் இருந்தது. அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. தாளின் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதினார். மேலே என்ன இருந்தது என்று வழக்கு நடக்கும்போதுதான் மொழிபெயர்ப்பாளர் வாசிக்கக் கேட்டார். ஆண்டுகள் கழித்து விடுதலையானார். இப்போதும் எந்தத் தாளையும், மருந்துச் சீட்டைக்கூட, என் அம்மாவிடம் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கேட்ட பிறகுதான் வாங்குவார்.

அதனால் ஐரோப்பா சலுகையை நிறுத்தட்டும் என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. என் சித்தியின் மகள் வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் தைக்கிற சட்டை ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. சலுகை போனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது அவள். அவள் சம்பளத்தில்தான் மாமாவுக்கு மருந்து வாங்குகிறார்கள். சட்டத்தை எழுதியவர்கள் வீட்டில் ஒரு வேளை சோறும் குறையாது.

சலுகை வேண்டுமா, சட்டம் போக வேண்டுமா என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. இரண்டும் வேண்டும் என்பதுதான் என் பதில்.

மஞ்சக்குப்பம் வக்கீல் | திங்கள், இரவு 10.30

மகளே, நான் நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அழுத்தம் போதவில்லை என்று எழுதினேன். யார் மேல் அழுத்தம் என்று எழுதியிருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மாற்றை அதே நாட்டில் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அந்த ஆண்டு இந்தியா கொடுத்தது மட்டும் 400 கோடி டாலர் அளவு. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. கூடவே அந்நாட்டின் ஆட்சிமுறையையும் ஊழல் வாய்ப்புகளையும் ஆராய்ந்து செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். ஆசியாவில் அப்படியொரு ஆய்வு அதுவே முதல். பெரிய அரசு ஒப்பந்தங்களை இணையத்தில் போடு, வரிவிலக்கு வாங்கும் நிறுவனங்களின் பட்டியலைப் போடு, உயர் பதவியில் இருப்பவர்களின் சொத்து விவரத்தைப் போடு என்று அது கேட்டது. இந்த நிபந்தனைகள் தையல்காரியின் வேலையைப் பறிப்பவை அல்ல. தேவனாம்பட்டினம் தம்பி கேட்ட கோயில் வாசலுக்கு அருகில் வருபவை. அந்தக் கடனோடு வந்த வரியும் விலையேற்றமும் ஏழைகளைத்தான் வாட்டின, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எந்த நிபந்தனை யாரைத் தொடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

வில்லியனூர் | செவ்வாய், காலை 5.40

இரவு தூங்கவில்லை. படையில் நானும் தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அந்த மக்களின் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவர்களுக்குத் தெரியாது. மேலதிகாரி எழுதினார், நான் விரலைப் பிடித்து வைத்தேன். அதில் எத்தனை பேர் குற்றவாளி என்று இன்று என்னால் சொல்ல முடியாது.

ஐயா, தகவல் பரிமாற்றத்துக்கு நிபந்தனை கூடாது என்பதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். ஏப்ரல் 4ஆம் தேதி எச்சரிக்கை நிபந்தனை இல்லாமல்தான் போனது, போயிருக்கவும் வேண்டும். ஆனால் பணம், ஆயுதம், பயிற்சி இவற்றுக்கு நிபந்தனை இருக்கலாம். ஒப்புதல் வாக்குமூலம் அவனவன் தாய்மொழியில், வக்கீல் முன்னிலையில் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனையாக இருக்கட்டும். இதனால் பாதுகாப்பு குறையாது. தவறான ஆளைப் பிடித்து வைத்தால் சரியான ஆள் வெளியே திரிவான், இதைக் களத்தில் இருந்தவன் சொல்கிறேன்.

தேவனாம்பட்டினம் | செவ்வாய், காலை 6.05

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி.

கடற்கரைச்சாலை | செவ்வாய், காலை 8.15

தகவலையும் பணத்தையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்ற வில்லியனூர் நண்பரின் கருத்தை ஏற்கிறேன். என் முதல் பதிவில் அந்தப் பிரிவினை இல்லை.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே இடம். வக்கீல் நண்பர் பிரிவு 16ஐத் தமிழில் பெயர்த்துக் கொண்டு வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். முத்தியால்பேட்டை அம்மா எட்டாவது, பன்னிரண்டாவது பரிந்துரைகளைக் கொண்டு வந்தால் நலம். கீழ்ப்புத்துப்பட்டு மகளுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பிப் போகப் பஸ் தாமதமாகும் என்பதால் 7 மணிக்குள் முடித்துவிடுவோம்.

கீழ்ப்புத்துப்பட்டு | செவ்வாய், காலை 8.50

வருகிறேன் ஐயா. அம்மாவையும் அழைத்து வருகிறேன். வக்கீல் ஐயா தமிழில் எழுதியதைச் சத்தமாக ஒருமுறை வாசிக்க வேண்டும், மாமாவைத் தொலைபேசியில் வைத்துக்கொள்வோம். அவர் அதைத் தமிழில் கேட்டதே இல்லை.